தடத்தில் கொட்டிய டைல்ஸ்

பழைய குளியலறையை இடித்தபோது உடைந்த டைல்ஸ் ஒரு டிராக்டர் அளவுக்குச் சேர்ந்தது. வீணாக்க மனமில்லாமல், எங்கள் தோட்டத்தை ஒட்டிப் போகும் மண் தடத்தின் பள்ளங்களில் கொட்டி, மேலே மண் போடச் சொன்னேன். தடம் சீரானதில் எனக்குப் பெருமைதான்.

அடுத்து வந்த மழை அந்த மண்ணை அரித்துவிட்டது. மாரியம்மன் நோம்பிக்கு மோகனூர்க் காவிரியில் தீர்த்தம் எடுத்துக்கொண்டு வெறுங்காலுடன் அதே தடத்தில் வந்தோம். முன்னால் போன என் ஓரகத்தி சட்டென்று நின்றார்.

“கால்ல என்னமோ ஏறிருச்சு சாமி.”

என் குடத்தை இடுப்புக்கு மாற்றிக்கொண்டு குனிந்து பிடுங்கினேன். நீலப்பூ போட்ட எங்கள் டைல்ஸ் சில்லு.

“கொடத்த எறக்கி வெய்ங்கக்கா.”

“தீர்த்தத்தக் கீழ வெக்கப்படாது. ஆரு ஊட்டுதோ, தூக்கிப் போட்டுட்டு நட.”

கோயில் வரை அவருடைய ரத்தச் சுவட்டைப் பார்த்துக்கொண்டே நடந்தேன். யார் வீட்டுடையது என்று எனக்குத் தெரிந்த அந்தச் சில்லைத் தூக்கிப் போடாமல் கைக்குள்ளேயே வைத்திருந்தேன்.

அவர் காயம் ஆறிவிட்டது. தடத்தைக் கிளறிச் சில்லுகளைப் பொறுக்கிய பிறகும் ஒவ்வொரு மழைக்கும் ஒரு நீலப்பூ வெளியே வருகிறது.

இப்போது சமையலறையை மாற்றுகிறோம். முழு டைல்ஸை உடையாமல் பெயர்த்துத் தண்ணீர்த் தொட்டியில் ஒட்டுவதற்காக எடுத்து வைத்திருக்கிறேன். உடைந்தவை புதுத் தரையின் கான்கிரீட்டுக்கு அடியில் மட்டுமே போகின்றன. கொத்தனார் கிளம்பியதும் செருப்பைக் கழற்றிவிட்டு வாசல் முழுக்க நடந்து பார்க்கிறேன்.