நாங்கள் ஐவரும் தெரிந்தெடுத்த எட்டுக் கல்லூரிகள்

கூடைப்பந்தாட்டத்தைப் பற்றி என்னிடம் யாரும் அபிப்பிராயம் கேட்க வேண்டியதில்லை. கேட்காமலே சொல்லுவேன். கல்லூரி அணியில் மூன்று வருடம் இருந்தவன் நான். அந்த மூன்று வருடத்தில் பெரும்பகுதி மைதானத்துக்கு வெளியே வாங்கிலில் குந்தியிருந்தேன் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். என் பெயரில் விழுந்த கோல் ஒன்றே ஒன்று. அதுவும் ஆட்டத்தை எப்படியும் வென்றாகிவிட்டது என்று தெரிந்த பிறகு, பயிற்றுநர் இரக்கப்பட்டு என்னை இறக்கிவிட்ட கடைசி நேரத்தில் போட்டது. அந்தக் கோலை வைத்துக்கொண்டு இவ்வளவு காலமும் நிபுணராகக் காலம் தள்ளி வருகிறேன். போட்டிகளில் மைக் பிடிப்பவனும் நான்தான்.

யாழ்ப்பாணத்தில் கல்லூரிக்குப் போவதற்குப் பெரிய படிப்பு எதுவும் தேவையில்லை. ஐந்து வயதுப் பிள்ளை மூக்கைத் துடைத்துக்கொண்டு ‘அ’ எழுதிப் பழகுவதும் கல்லூரியில்தான். கல்யாண வீட்டிலும் செத்த வீட்டிலும் பக்கத்துக் கதிரைக்காரர் கேட்கும் முதற்கேள்வி, நீங்கள் எந்தக் கல்லூரி என்பது. பதிலைச் சொன்னதும் அவர் தலையை ஆட்டுவார். அந்த ஆட்டலிலேயே எங்களை எத்தனையாவது இடத்தில் வைத்தார் என்பது விளங்கிவிடும். வயது ஐம்பதைத் தாண்டியும், மூட்டு வலிக்கு எண்ணெய் பூசிக்கொண்டும், இந்த வரிசையை விட்டு நாங்கள் இறங்குவதில்லை.

நாங்கள் என்றால் ஐந்து பேர். ஓய்வுபெற்ற தபாலதிபர் ஒருவர், எங்களில் மூத்தவர் என்பதால் எல்லோருக்கும் அண்ணை. ஒரு பல் வைத்தியர். ஒரு சட்டத்தரணி. கொடிகாமத்தில் மரக்கறி மொத்த வியாபாரம் செய்யும் ஒருவர். ஐந்தாவது, அரசாங்க அலுவலகமான கச்சேரியில் கோப்புகளை ஒரு மேசையிலிருந்து இன்னொரு மேசைக்கு அனுப்பும் நான். ஐவரும் ஐந்து வெவ்வேறு கல்லூரிகளின் பழைய மாணவர்கள். ஆட்டம் முடிந்தால் மைதானத்துக்குப் பக்கத்துத் தேநீர்க் கடையில் கூடி, எந்தக் கல்லூரிக்குப் பாரம்பரியம் கூட என்று சண்டை பிடிப்போம். அன்று நடந்த ஆட்டத்தைப் பற்றி அநேகமாக ஒன்றும் கதைக்க மாட்டோம்.

இந்தச் சண்டையின் கீர்த்தி எப்படியோ கனடா வரை போய்விட்டது. அங்கே வசதியாக இருக்கும் ஒருவர் தன் தகப்பனாரின் நினைவாகக் கூடைப்பந்தாட்டச் சுற்றுப்போட்டி ஒன்று நடத்த விரும்பினார். யாழ்ப்பாணக் குடாநாட்டில் மிகவும் மதிப்புப் பெற்ற எட்டுக் கல்லூரிகளை மட்டும் அழைப்பது அவருடைய எண்ணம். அந்த எட்டையும் வரிசைப்படுத்தித் தரும் பொறுப்பை எங்கள் ஐவரிடமும் விட்டார். செய்தி வந்த அன்று நான் சவரம் செய்துவிட்டுக் கடைக்குப் போனேன்.

வீட்டில் இதைச் சொன்னபோது என் மனைவி அரிசி களைந்துகொண்டிருந்தாள். அவள் புத்தூர்ப் பக்கத்தில், கல்லூரி என்று பெயர் வாங்காத சிறு வித்தியாலயம் ஒன்றில் விளையாட்டு ஆசிரியை. தோட்டக்காரப் பிள்ளைகளைப் பிடித்து ஒரு கூடைப்பந்தாட்ட அணியை அவளே உருவாக்கியிருந்தாள். அவர்களுக்குச் சிமெந்துத் தளம் கிடையாது. செம்மண்ணில் சுண்ணாம்புக் கோடு போட்டு, இரும்பு ஒட்டும் கடையில் செய்வித்த இரண்டு கம்பங்களை நட்டு விளையாடினார்கள். வெளியே எந்தப் போட்டிக்கும் யாரும் அவர்களை அழைத்ததில்லை. அந்த வருடமும் அழைப்பு வராவிட்டால் கம்பங்களைப் பிடுங்கிவிட்டுக் கிரிக்கெட்டுக்கு இடத்தைக் கொடுப்பேன் என்று அவளுடைய அதிபர் சொல்லிவிட்டார். அவர் சொன்னதைச் செய்கிற மனிதர்.

அவள் கையைத் துடைத்துக்கொண்டு வந்து எனக்கு முன்னால் நின்றாள்.

“எட்டாவதெண்டாலும் பரவாயில்லை. எங்கடை பிள்ளையளுக்கு ஒரு இடம் போட்டுவிடுங்கோ.”

“ஓம், பாப்பம். நீர் யோசிக்காதையும்” என்றேன்.

எங்கள் வீட்டில் ‘பாப்பம்’ என்றால் என்ன பொருள் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். இருந்தும் அன்று நம்பினாள் என்றுதான் நினைக்கிறேன்.

விதிமுறையைச் சட்டத்தரணி வகுத்தார். ஒவ்வொருவரும் எட்டுப் பெயரை வரிசையாக எழுதி மடித்துக் கொடுக்க வேண்டும். முதலாம் இடத்துக்கு எட்டுப் புள்ளி, இரண்டாமிடத்துக்கு ஏழு, இப்படியே இறங்கிக் கடைசிக்கு ஒன்று. எல்லாவற்றையும் கூட்டினால் வரிசை வந்துவிடும். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருந்தது.

நான் ஒரு கிழமையாகக் கடதாசியோடு மல்லுக்கட்டினேன். என் கல்லூரியை முதலாவதாகப் போட முடியாது. தன்னைத் தானே புகழ்கிறான் என்பார்கள். மற்ற நால்வரின் கல்லூரிகளில் ஒன்றை முதலாவதாகப் போடுவதற்குக் கை எழும்பவில்லை. அதற்குப் பிறகு அவர்களோடு எப்படித் தேநீர் குடிப்பது? ஆகவே என் கல்லூரியை அடக்கமாக இரண்டாவது இடத்தில் வைத்தேன். முதலாமிடத்தை, யுத்த காலத்தில் கம்பங்கள் விழுந்து, இன்றுவரை அணியே இல்லாத பழைய கல்லூரி ஒன்றுக்குக் கொடுத்தேன். பாரம்பரியத்தில் அதை யாரும் மிஞ்ச முடியாது, விளையாடி யாரையும் வெல்லவும் போவதில்லை. எவ்வளவு நுட்பமான தீர்ப்பு என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

மனைவியின் அணி எட்டுக்குள்ளும் வரவில்லை. மறந்து விட்டதல்ல. பெண்சாதிக்குச் சாமரம் வீசுகிறான் என்ற பேச்சு வந்துவிடுமே என்ற பயம். மேலும் அது கல்லூரி அல்ல, வித்தியாலயம். கல்லூரி வரிசையில் வித்தியாலயம் எப்படி வரும்? கச்சேரியில் இத்தனை வருடம் வேலை பார்த்தவனுக்கு ஒரு காரியத்தைச் செய்யாமல் விடுவதற்கு விதி தேடித் தர வேறொருவர் தேவையில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை எங்கள் வீட்டில் கூடினோம். மனைவி தேத்தண்ணியும் உழுந்து வடையும் கொண்டு வந்து வைத்துவிட்டு உள்ளே போகாமல் கதவோடு நின்றாள். தபாலதிபர் அண்ணை கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, முதலில் தன்னுடைய கடதாசியையே பிரித்து, எழுதியவர் பெயரோடு வாசித்தார். முதலாமிடம், புத்தூர் வித்தியாலயம். நான் கடித்த வடையைத் திரும்பத் தட்டில் வைத்தேன். பல் வைத்தியருடையதைப் பிரித்தார். முதலாமிடம், அதே வித்தியாலயம். சட்டத்தரணியும் அப்படியே. கொடிகாமத்து வியாபாரியும் அப்படியே. நால்வரும் தங்கள் தங்கள் கல்லூரியை இரண்டாவது இடத்தில் அடக்கமாக வைத்திருந்தார்கள்.

எனக்கு உடனே விளங்கிவிட்டது. நான் அணியே இல்லாத கல்லூரியைத் தேடிப் பிடித்ததுபோல, அவர்களும் தங்களுக்கு ஒருநாளும் போட்டியாக வர முடியாத ஒன்றைத் தேடியிருக்கிறார்கள். அது நண்பனின் மனைவியுடையதாகவும் இருந்தால் இன்னும் வசதி. செலவில்லாத உபகாரம். ஆளுக்கு ஆள் முகத்தைப் பார்த்தார்கள். மற்றவன் எவனும் இப்படிச் செய்வான் என்று ஒருவரும் எதிர்பார்க்கவில்லை.

அண்ணை கடைசியாக என்னுடையதைப் பிரித்தார். முதலாமிடத்திலிருந்து எட்டாமிடம் வரை நிதானமாக வாசித்தார். எட்டாவது பெயர் வாசித்து முடிந்ததும், பின்பக்கத்திலும் ஏதாவது இருக்கிறதா என்று கடதாசியைத் திருப்பிப் பார்த்தார். நல்ல மனிதர்.

மனைவி என்னைப் பார்க்கவில்லை. எல்லோருக்கும் பொதுவாகக் கேட்டாள்.

“உங்களிலை ஆராவது ஒருத்தர் எங்கடை பிள்ளையள் விளையாடுறதைப் பாத்தனீங்களோ?”

 வியாபாரி மட்டும், லொறியில் பருத்தித்துறை வீதியால் போகும்போது கம்பங்களைக் கண்டிருப்பதாகச் சொன்னார். அவள் வெறுங் கோப்பைகளை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். வீட்டிலிருந்து அந்த மைதானம் மோட்டார் சைக்கிளில் எட்டிப்பார்க்கிற தூரம்தான். ஒருநாள்கூட நான் போய்ப் பார்த்ததில்லை. ஊர் முழுக்க மைக் பிடிக்கப் போனவன் நான். வெட்கமாக இருந்தது.

அதற்குப் பிறகு எனக்கு வேளாவேளைக்குச் சாப்பாடு கிடைத்தது. அவள் வாயிலிருந்து கதை கிடைக்கவில்லை.

வரிசை முகநூலில் வெளிவந்ததும் லண்டனிலிருந்தும் மெல்போர்னிலிருந்தும் பழைய மாணவர்கள் எழும்பி வந்தார்கள். இந்த நடுவர்களுக்கு என்ன தகுதி என்று ஒருவர் கேட்டிருந்தார். என்னோடு படித்த ஒருவர் என்னுடைய ஒரே கோலைப் பற்றி விரிவாக எழுதியிருந்தார். கனடாக்காரருக்கு மட்டும் பெரிய சந்தோசம். மண்ணுக்குள் கிடந்த மாணிக்கத்தைக் கண்டுபிடித்துவிட்டோம் என்று எங்களைப் பாராட்டினார். முதலாம் இடத்துக்கும் இரண்டாம் இடத்துக்கும் இடையில் தொடக்க ஆட்டம் என்று அறிவித்தார். புள்ளிகளைக் கூட்டிப் பார்த்ததில் இரண்டாம் இடம் என் கல்லூரிக்கு விழுந்திருந்தது.

போட்டியன்று என் கல்லூரி பாண்ட் வாத்தியத்தோடு வந்து இறங்கியது. மனைவியின் பிள்ளைகள் தோட்டத்து லான்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தின் பெட்டியில் வந்தார்கள். வெள்ளைச் சீருடை எத்தனை தரம் தோய்த்தும் போகாத செம்பாட்டு நிறத்தில் இருந்தது. அவளுடைய அதிபர் முன்வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு இருந்தார். நான் மைக்கில், அவர்களைக் குடாநாட்டின் முதன்மை அணி என்று எழுதித் தந்ததை வாசித்தேன். கூட்டம் சிரித்தது. என் மனைவி சிரிக்கவில்லை, பிள்ளைகளின் சப்பாத்து நாடாக்களைச் சரிபார்த்துக்கொண்டு நின்றாள்.

தொடக்கம் பரிதாபமாக இருந்தது. சிமெந்தில் பந்து அவர்கள் நினைத்ததைவிட உயரமாக எழும்பியது. புதுச் சப்பாத்து வழுக்கியது. என் கல்லூரி கோல்மேல் கோலாகப் போட, பாண்ட் அடித்துக்கொண்டே இருந்தது. பிறகு மனைவி நேரம் கேட்டு ஆட்டத்தை நிறுத்திப் பிள்ளைகளைக் கூப்பிட்டு ஏதோ சொன்னாள். அதன் பின் அவர்கள் பந்தை நிலத்தில் படவே விடவில்லை. செம்மண்ணில் பந்து ஒழுங்காக எழும்பாது. கல்லில் பட்டால் வேலிப்பக்கம் ஓடிவிடும். அதனால் தட்டிக்கொண்டு ஓடுவதை விட்டு, கையிலிருந்து கைக்கு எறிந்தே கொண்டுபோகப் பழகியிருந்தார்கள். ஒருவன் எறியும்போதே மற்றவன் அந்த இடத்தில் நின்றான். என் கல்லூரிப் பிள்ளைகள் பந்துக்குப் பின்னால் ஓடி ஓடிக் களைத்தார்கள். பாண்ட் நின்றுவிட்டது. நானும் வாயைத் திறந்தபடி நின்றிருக்கிறேன் போல, பல் வைத்தியர் முதுகில் தட்டி மைக்கில் கதைக்கச் சொன்னார். எந்தப் பக்கத்துக்குக் கத்துவது என்று தெரியாமல் புள்ளிகளை மட்டும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஒரு கோல் வித்தியாசத்தில் தோற்றார்கள். அடுத்த ஆட்டத்தில் பல் வைத்தியருடைய கல்லூரியை வென்றார்கள். பல் வைத்தியர் அன்று தேநீர் குடிக்க வரவில்லை. அதிபர் கம்பங்களைப் பிடுங்கவில்லை. அதற்குப் பதிலாகப் புது வலை வாங்கிக் கட்டினார். அதற்குப் பிறகு மனைவி என்னோடு கதைக்கத் தொடங்கினாள், முதலில் சாமான் வாங்கி வரச் சொல்லும் அளவுக்கு. அவள் கேட்காமலே நான் புத்தூருக்குப் போகத் தொடங்கினேன். ஒவ்வொரு சனிக்கிழமையும் மைதானத்தின் ஓரத்தில் நின்று பார்த்தேன். ஆலோசனை சொல்ல வாய் உன்னும். அவள் ஒரு பார்வை பார்ப்பாள், அடக்கிக்கொள்வேன்.

அடுத்த வருடம் கனடாக்காரர் மறுபடி வரிசை கேட்டார். இந்த முறை கூட்டத்தை எங்கள் வீட்டில் வைக்க ஒருவரும் சம்மதிக்கவில்லை. கடையிலேயே கடதாசிகளைப் பிரித்தோம். அண்ணையின் கடதாசியில் புத்தூர் வித்தியாலயம் இல்லை. பல் வைத்தியருடையதில் இல்லை. சட்டத்தரணி, வியாபாரி, ஒருவருடையதிலும் எட்டாமிடத்தில்கூட இல்லை. வித்தியாலயம் எப்படிக் கல்லூரி வரிசையில் வரும் என்று அண்ணை என்னிடமே விளக்கினார். செம்மண்ணில் விளையாடுகிறவர்களுக்குப் பாரம்பரியம் ஏது என்றார் வியாபாரி. போன வருடம் முதலாமிடம் கொடுத்தபோதும் அதே பெயர்தான், அதே மண்தான். நான் ஒருவன் மட்டும் முதலாமிடத்தில் போட்டிருந்தேன். கூட்டிப் பார்த்தால் ஒன்பதாவது இடம் வந்தது. அழைப்பு எட்டுக்குத்தான்.

எப்படிச் சொல்வது என்று வழி முழுக்க யோசித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். மனைவி முழுவதையும் கேட்டாள். யார் யார் சேர்க்காமல் விட்டார்கள் என்று திரும்பவும் ஒருமுறை கேட்டாள்.

“நீங்கள்?”

“முதலாவதாப் போட்டனான்.”

“பெண்சாதியெண்டோ?”

“இல்லை. பாத்துத்தான்.”

 பிள்ளைகளிடம் நானே வந்து சொல்ல வேண்டும் என்றாள்.

சனிக்கிழமை போனேன். பிள்ளைகள் வேர்த்து விறுவிறுத்து வந்து சுற்றி நின்றார்கள். இந்த முறை எங்களுக்கு அழைப்பு இல்லை என்று சொன்னபோது என் குரல் எனக்கே பிடிக்கவில்லை. தலைவன் பந்தை இடுப்பில் அணைத்துக்கொண்டு கேட்டான்.

“சேர், எங்களை ஆர் போடாமல் விட்டது?”

நான்கு கல்லூரிகளின் பெயரையும் ஒவ்வொன்றாகச் சொன்னேன். பல் வைத்தியருடைய கல்லூரியின் பெயர் வந்ததும் பின்னால் நின்ற ஒருவன் சிரித்தான். நான்காவது பெயரோடு எல்லோரும் சிரித்துவிட்டார்கள். ஒருவன் மற்றவன் முதுகில் அடித்தான்.

“நாலு பேரும் பயந்திட்டினமோ?” என்றான் தலைவன். அவன் முகத்தில் அப்படியொரு பெருமையை நான் போட்டியன்றும் பார்க்கவில்லை. பந்தை உயர எறிந்தான். எல்லோரும் கத்திக்கொண்டு திரும்ப ஓடினார்கள். மனைவி என் பக்கத்தில் நின்று சிரித்துக்கொண்டிருந்தாள்.

அவர்களை வென்ற கல்லூரிக்காரன் நான் மட்டும் பயப்படாமல் முதலாவதாகப் போட்டதை அவர்களிடம் சொல்லவில்லை. அந்தச் சந்தோசத்தை ஏன் கெடுப்பது என்று இருந்துவிட்டேன்.