பிரேக்கம்மாவும் மஞ்சள் விளக்கும்

அந்த ஊரில் கார் ஓட்டுகிறவர்களில் பாதிப் பேர் பிரேக்கம்மாவிடம் திட்டு வாங்கியவர்கள். டிரைவிங் ஸ்கூல் வைத்திருந்தார். ஸ்கூல் என்றால் கட்டடமெல்லாம் கிடையாது. கூரையில் பலகை மாட்டிய ஒரு வெள்ளைக் கார், பக்கத்து சீட்டின் காலடியில் இன்னொரு பிரேக், அவ்வளவுதான். அந்த பிரேக்கை அவர் மிதிக்கிற மிதியைப் பார்த்து யாரோ பிரேக்கம்மா என்று பெயர் வைத்தார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் காணாமலே போனது. கணவர் வீட்டு முன்னறையில் துணி தைப்பவர். மனைவி ஓட்டும் காரில் மட்டும் ஏறமாட்டார். "பஸ்ல யாரும் என்னைத் திட்டறதில்ல" என்பார்.

இத்தனை வருஷத்தில் பிரேக்கம்மா பானெட்டுக்குள் தலையை விட்டதே இல்லை. யாராவது எஞ்சினைப் பற்றிக் கேட்டால், "அது அடுத்த பாடம்" என்று சமாளிப்பார். அந்த அடுத்த பாடம் யாருக்கும் வந்ததில்லை.

ஒருநாள் காலை, கணக்கு வாத்தியார் ஒருவருக்கு கியர் மாற்றச் சொல்லிக்கொடுக்கும்போது, ஸ்பீடோமீட்டர் பக்கத்தில் எஞ்சின் படம் போட்ட மஞ்சள் விளக்கு எரிந்தது.

"மேடம், இது என்ன விளக்கு?"

"எஞ்சின் ஓடுதுன்னு காட்டுது."

"நேத்தும் ஓடுச்சே. நேத்து எரியலையே?"

"ரோட்டைப் பாருங்க சார்!"

வாத்தியார் ரோட்டைப் பார்த்தார். ஆனால் வாயை மூடவில்லை. ஹீட்டர் போட்டால் ஏன் குளிர்ந்த காற்று வருகிறது, சூட்டைக் காட்டும் முள் ஏன் கீழேயே படுத்துக்கிடக்கிறது என்று அடுக்கினார். அம்மாவுக்கு வியர்த்தது.

வேறு வழியில்லை, மெக்கானிக்கிடம் போகவேண்டும். அங்கேதான் சிக்கல். மெக்கானிக்கும் அவரிடம் படித்தவர்தான். ரிவர்ஸ் சரியாக வரவில்லை என்று அம்மா அவரைக் கடைசிவரை டெஸ்டுக்கு அனுப்பாமல் இழுத்தடித்திருந்தார். இன்னொரு ஸ்கூலில் சேர்ந்துதான் அந்த மனுஷர் லைசென்ஸ் வாங்கினார்.

பிரேக்கம்மா காரோடு உள்ளே நுழைந்ததும் மெக்கானிக்கின் முகத்தில் ஒரு வெளிச்சம். ஸ்டீயரிங்குக்குக் கீழே சின்னக் கருவி ஒன்றைச் சொருகிப் பார்த்தார்.

"எஞ்சின் சூடாக வேண்டிய நேரத்துல சூடாகலைன்னு சொல்லுது."

"சூடாகலைன்னா நல்லதுதானே?"

"மனுஷனுக்கு நல்லது. வண்டிக்கு ஆகாது, பெட்ரோலை இழுக்கும். ஆனா கருவி சந்தேகத்தைத்தான் சொல்லும், கையை வச்சாத்தான் நிச்சயம். வண்டி நல்லா ஆறணும். விட்டுட்டுப் போங்க, காலையில வாங்க."

மறுநாள் காலை, ஆறிக்கிடந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்துவிட்டு, ரேடியேட்டருக்குப் போகும் மேல் ஹோஸ் குழாயில் கையை வைக்கச் சொன்னார் மெக்கானிக்.

"எஞ்சின் நல்லா சூடாகறவரைக்கும் இது சில்லுன்னு இருக்கணும். எப்படி இருக்கு?"

"அதுக்குள்ள வெதுவெதுன்னு ஆயிடுச்சே."

"நடுவுல தெர்மோஸ்டாட்னு ஒரு கதவு இருக்கு. எஞ்சின் சூடானாத்தான் திறக்கணும். உங்களுது திறந்தபடியே நின்னுடுச்சு."

"சரி, மாத்திடுங்க."

மெக்கானிக் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "நீங்களே மாத்துங்க. நான் பக்கத்துல இருந்து சொல்றேன். அப்படித்தானே கத்துக்கொடுப்பீங்க?"

பிரேக்கம்மாவுக்குக் கோபம் சுர்ரென்று ஏறியது. வெளியே போய்விடலாம் என்று திரும்பியவர், மெக்கானிக் சிரிப்பை அடக்கிக்கொண்டிருப்பதைப் பார்த்தார். புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, "ஸ்பேனரைக் கொடுங்க" என்றார்.

எஞ்சின் மறுபடி ஆறியபின், அதைக் குளிர்விக்கும் கூலண்ட் தண்ணீரைத் தொட்டியில் இறக்கினார்கள். அம்மா ஹோஸ் கிளிப்பைத் தளர்த்தும்போதே மெக்கானிக் ஆரம்பித்தார்.

"கண்ணை எங்க வச்சிருக்கீங்க? கையைப் பாருங்க!"

பிரேக்கம்மாவின் வசனம், பிரேக்கம்மாவின் குரலிலேயே. பக்கத்தில் டயர் மாற்றிக்கொண்டிருந்தவர் வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தார். தெர்மோஸ்டாட் மூடியின் போல்ட்டுகள் கழன்றன. உள்ளே இருந்த வட்டத் தகட்டை அம்மா வெளியே எடுத்தார். நன்றாக ஆறியும் வாய் பிளந்தபடியே இருந்தது. புதிய தெர்மோஸ்டாட்டை வைத்து அழுத்தினார்.

மெக்கானிக் தொண்டையைக் கனைத்தார். நாற்காலியிலிருந்து எழுந்தார். வருஷக்கணக்காகக் காத்திருந்தவர் போல நிதானமாகச் சொன்னார்:

"மேடம்... ரிவர்ஸ் சரியா வரல."

தெர்மோஸ்டாட்டின் ஸ்பிரிங் எஞ்சின் பக்கம் இருக்கவேண்டும். அம்மா வெளிப்பக்கம் திருப்பி வைத்திருந்தார். ஒரு நொடி அவரை முறைத்தார். பிறகு தாங்கமுடியாமல் சிரித்துவிட்டார், ஸ்பேனர் கீழே விழுகிற அளவுக்கு.

"போதுமாய்யா? திருப்தியா?"

"ரொம்ப."

அப்புறம் இருவருமாகச் சேர்ந்து அதைத் திருப்பி வைத்து, புது வாஷர் போட்டு மூடினார்கள், கூலண்ட் ஊற்றினார்கள், குமிழி அடங்கும்வரை ஹீட்டரோடு எஞ்சினை ஓடவிட்டார்கள். முள் மெல்ல எழுந்து நடுவில் வந்து நின்றது. கருவியால் மஞ்சள் விளக்கை அணைத்தபோது பிரேக்கம்மா கைதட்டினார். கையெல்லாம் கரி, அதை முகத்திலும் பூசிக்கொண்டிருந்தார்.

அந்த முகத்தோடு வீட்டுக்குப் போனவரைப் பார்த்துக் கணவர் ஊசியில் விரலைக் குத்திக்கொண்டார். நடந்ததைக் கேட்டவர், தைக்க வந்தவர்களிடமெல்லாம் சொன்னார். கொஞ்சம் கூட்டியும் சொன்னார்.

அந்த வாரமே எதிர்வீட்டுக்காரர் தன் காரைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தினார். திரும்பும்போதெல்லாம் டொக் டொக்கென்று சத்தமாம். பெரிய பெரிய கடையிலெல்லாம் காட்டியாகிவிட்டதாம். பிரேக்கம்மா பானெட்டைத் திறந்து வெகுநேரம் உற்றுப்பார்த்தார், ஒன்றும் விளங்கவில்லை. "ஓட்டிப் பார்த்தாத்தான் தெரியும்" என்று கெத்தாகச் சொல்லித் தனியாக ஏறினார். முதல் திருப்பத்திலேயே சத்தம் வந்தது. வண்டியை ஓரமாக நிறுத்தி, சீட்டுக்கடியில் கையை விட்டு, உருண்டுகொண்டிருந்த தண்ணீர் பாட்டிலை எடுத்தார்.

அதைத் தன் பைக்குள் போட்டுக்கொண்டு திரும்பி வந்து, எதிர்வீட்டுக்காரரிடம், "சரி பண்ணிட்டேன். ஆனா இனிமே மெதுவாத் திருப்புங்க" என்றார்.