ரிசல்ட்டு சுருளி

சுருளிராஜனுக்கு எங்கள் தெருவில் பெயர் ‘ரிசல்ட்டு சுருளி’. தேனிப் பக்கம் தேவாரம் ஊர் மண்டியில் லாரிக்கு வாழைத்தார் ஏற்றுகிற மனுசர். தேர்தல் வந்துவிட்டால் போதும், வேலை முடிந்ததும் சவரக்கடை, டீக்கடை, ஏலக்காய்த் தோட்டத்து ஜீப்புகள் நிற்கிற முக்கு என்று ஓர் இடம் விடாமல் காதைக் கொடுத்துக்கொண்டு நிற்பார். ஓட்டுப் போடுவதற்கு முன்பே யார் ஜெயிப்பார் என்று சொல்லிவிடுவார். இருபத்தைந்து வருசத்தில் ஒருமுறைகூடத் தப்பியதில்லை. அவருக்குக் கட்சி கிடையாது, கொள்கை கிடையாது. ஜெயிக்கிறவர் யாரோ அவருக்கு வீட்டு ஓட்டு மொத்தமும் விழ வேண்டும், அவ்வளவுதான்.

கேலி செய்வோம். ஆனால் காரணமும் எங்களுக்குத் தெரியும். அவருக்குப் பத்து வயதாக இருந்தபோது ஊர்த் தலைவர் தேர்தல் நடந்தது. அப்பா ஒச்சாண்டி தோற்றவருக்கு ஓட்டுப் போட்டதோடு நிற்காமல், டீக்கடையில் நெஞ்சை நிமிர்த்திச் சொல்லியும் விட்டார். ஆறு மாசத்தில் வீட்டுமனைப் பட்டா கொடுத்தார்கள். பக்கத்து வீட்டுக்கு வந்தது, எதிர் வீட்டுக்கு வந்தது. ஒச்சாண்டி பெயர் மட்டும் பட்டியலில் இல்லை. இருந்த இடத்தையும் காலி பண்ணச் சொன்னார்கள். குடும்பம் ஓடைக்கரைப் புறம்போக்கில் குடிசை போட்டது. சாகிறவரைக்கும் அந்த மனிதர் மகனிடம் இதையேதான் சொன்னார்: “தோக்குறவனுக்குப் போட்டுறாதலே. போட்டாலும் வாயத் தொறக்காதலே.”

அந்த ஓடைக்கரையில் இப்போது இருபத்திரண்டு வீடு. எங்கள் வீடும் ஒன்று. பட்டா வாங்கித் தருகிறோம் என்று எத்தனையோ பேர் ஓட்டு வாங்கிப் போனார்கள். கடைசியில் வந்தது காலி செய்யச் சொல்லும் நோட்டீஸ். அதைப் பார்த்த ஆத்திரத்தில்தான் 2022 வார்டு தேர்தலில் சுருளியின் மனைவி அனுசுயா சுயேச்சையாக நின்றாள். மலைக்கு ஏலக்காய் எடுக்கப் போகிற ஜீப்பில் கூட வரும் பெண்கள், “நீயே நில்லுக்கா” என்று உசுப்பிவிட்டிருந்தார்கள். குழாய்ச் சின்னம் கிடைத்தது. எதிர்த்து நின்றவர் விஜய்ராஜ்.

“நம்ம தெருவுல எழுவது ஓட்டு இருக்கு. ஜீப்புல வர்ற பொம்பளைக ஓட்டும் விழுந்தாப் போதும்ங்க. பட்டா வாங்காம விட மாட்டேன்,” என்றாள்.

சுருளி மூன்று நாள் சுற்றிவிட்டு வந்தார். முகம் செத்திருந்தது. நானும் அப்போது அவர் வாசலில்தான் நின்றேன்.

“விஜய்ராஜுதான் வர்றாப்ல. நீ வரல, அனுசுயா. பூத்து பூத்தாத்தான் எண்ணுவாக. இந்தத் தெரு தனக்குப் போடலைன்னு அவுகளுக்குத் தெரிஞ்சுபோகும். நோட்டீஸக் கையில வச்சுக்கிட்டு வெளாடாத.”

அவள் கேட்கவில்லை. வீடு வீடாக வந்து கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். போடுகிறோம் என்றோம். நான் கையில் அடித்துச் சத்தியமே செய்தேன். பூத்துக்குள் போனதும் எனக்கு நோட்டீஸ் ஞாபகம் வந்தது, சுருளி சொன்னதும் ஞாபகம் வந்தது. எழுதவே கூசுகிறது. விஜய்ராஜுக்குத்தான் அமுக்கினேன்.

எண்ணி முடித்தபோது விஜய்ராஜுக்கு நானூற்றுப் பன்னிரண்டு. குழாய்க்கு ஒன்று.

ஊரே சிரித்தது. அவர்கள் வீட்டில் மூன்று ஓட்டு: சுருளி, அனுசுயா, தேனியில் காலேஜ் படிக்கிற மகள் திரிஷா. அந்த ஒன்று அனுசுயா தனக்குத்தானே போட்டுக்கொண்டது என்று முடிவு கட்டினோம். அவள் ஒரு வாரம் ஜீப் ஏறவில்லை.

சுருளி நல்ல தாராக ஒன்று பார்த்துத் தூக்கிக்கொண்டு விஜய்ராஜ் வீட்டுக்குப் போனார். துணைக்கு நானும் போனேன்.

“எங்க ஓட்டு ஒங்களுக்குத்தான் தம்பி. வீட்ட மட்டும் காப்பாத்திக் குடுங்க. ஒங்க காலுல விழுறேன்.”

விஜய்ராஜ் சிரித்தார். “பொண்டாட்டிக்கே போடாத ஆளு நீங்க. எனக்குப் போட்டேன்னா எப்படிண்ணே நம்புறது?”

திரும்பி நடந்தோம். நானும் விஜய்ராஜுக்குத்தான் போட்டேன் என்று சொல்ல வந்ததை விழுங்கிக்கொண்டேன்.

ஜூன் மாதம் ஜேசிபி வந்தது. விஜய்ராஜ் எங்கேயோ கல்யாணத்துக்குப் போய்விட்டார் என்றார்கள். பீரோ, பாத்திரம், கட்டில், சாமி படம் எல்லாம் ரோட்டில் கிடந்தன. எங்கள் வீட்டை இடித்துவிட்டு வண்டி சுருளி வீட்டுக்குத் திரும்பியது. அவர் சமையல்கட்டுச் சுவரையே பார்த்துக்கொண்டு நின்றார். அது அவர் தன் கையால் கட்டிய சுவர். ஒரே தள்ளில் போனது. அனுசுயா தலையில் அடித்துக்கொண்டு அழுதாள்.

“அந்த ஒரு ஓட்டும் நான் போட்டதில்லங்க. குழாய்கிட்டக் கையக் கொண்டு போனேன். நீங்க சொன்னது நெனப்பு வந்துருச்சு. அவனுக்கே அமுக்கிட்டேன். எனக்கு நானே போடலங்க.”

சுருளி திகைத்துப்போய் அவளைப் பார்த்தார். “அப்ப யாரு போட்டா?”

புத்தகப் பையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்த திரிஷா எழுந்தாள். “நான்தாம்ப்பா போட்டேன். அம்மாவுக்குப் போடாம வேற யாருக்குப் போடுறது?” என்று சத்தமாகவே சொன்னாள்.

கட்டிப்பிடித்து அழுவார் என்று நினைத்தேன். அவர் ஜேசிபிக்காரனைத் திரும்பிப் பார்த்தார், என்னைப் பார்த்தார். ஓடிப்போய் மகள் வாயைப் பொத்தினார்.

“மெதுவாச் சொல்லு ஆத்தா. வெளிய தெரிஞ்சா நம்மள என்ன பண்ணுவாகளோ.”