ஜிகினா ஜெயா பாடிய மாலை

டீசல் ஜெனரேட்டரின் புகையும் வாடத் தொடங்கிய மல்லிகையும் கலந்த வாசனை எங்கே வந்தாலும் எனக்கு ஜிகினா ஜெயாவின் நினைவு வந்துவிடும். செஞ்சியில் எங்கள் தெரு மாரியம்மனுக்கு ஆடியில் கூழ் ஊற்றும்போது விழுப்புரத்திலிருந்து "ஆர்கெஸ்ட்ரா" வரும். எனக்குப் பத்து வயதான ஆண்டு அதில் பாட வந்தவர் அவர். ராஜகிரிக் கோட்டை மலைக்குப் பின்னால் வெயில் இறங்கிய பிறகும் கழற்றாத கறுப்புக் கண்ணாடி, உடம்பெல்லாம் தங்க ஜிகினா மின்னும் சட்டை, அதே துணியில் கால்சட்டை, குதிகால் உயர்ந்த சிவப்புச் செருப்பு. குரல் கரகரப்பு, மேலே போனால் பிசிறடிக்கும். பிசிறடித்த இடத்தில் கண்ணாடியைச் சற்றே இறக்கி ஒரு கண்ணடிப்பார், கூட்டம் சொக்கிப்போகும். "இன்னா பொம்பள இது!" என்று முகம் சுளித்த பெரியவர்கள் யாரும் முன்வரிசை நாற்காலியை விட்டு எழுந்ததாக நினைவில்லை.

அன்று மங்கை அத்தையை நான்தான் கையைப் பிடித்து இழுத்துப் போயிருந்தேன். நைனாவின் தங்கையான அவரை மேல்மலையனூர்ப் பக்கம் கட்டிக்கொடுத்திருந்தார்கள். கணவன் வேறொருத்தியோடு போய்விட, எங்கள் வீட்டுக்கே திரும்பி வந்தவர், யார் வாயில் என்ன வருமோ என்று கல்யாண வீடுகளுக்குக்கூடப் போவதில்லை.

ஜெயா இடுப்பை ஆட்டி மூன்றாவது பாட்டைத் தொடங்கியதுமே விழாக் கமிட்டித் தலைவர் மேடையேறி மைக்கைப் பிடுங்கினார். "குடும்பப் பொம்பளைங்க இருக்கிற எடம். இத்தோட நிறுத்திட்டு எறங்கு."

வாத்தியங்கள் அடங்கின. ஜெயா கண்ணாடியைக் கழற்றினார். மைக் இல்லாமலே, "அவங்களுக்காகத்தான சொல்றீங்க, அண்ணே? அவங்களையே கேட்டுடலாம்" என்றவர், பெண்கள் பக்கம் திரும்பி, "அக்கா, தங்கச்சிங்களா, பாடட்டா, எறங்கட்டா?" என்று கேட்டார்.

பெண்கள் தலைவரைப் பார்த்தார்கள், பிறகு தங்கள் வீட்டு ஆண்களைப் பார்த்தார்கள். அப்போது என் பக்கத்திலிருந்து அத்தை எழுந்து நின்றார்.

"நீ பாடு, கண்ணு. கேக்கத்தான் வந்திருக்கோம்."

பின்னாலிருந்து ஒரு பெண், "பாடு!" என்றாள். பிறகு இன்னும் பலர். தலைவர் மைக்கைத் திருப்பிக் கொடுத்துவிட்டு இறங்கினார். "இது அந்தப் பச்சப் பொடவ அக்காவுக்கு" என்று ஜெயா அதே பாட்டை முதலிலிருந்து தொடங்க, அத்தை முகத்தை மூடிக்கொண்டு சிரித்தார். பிறகு கையை எடுத்துவிட்டே சிரித்தார்.

வீட்டில் நைனா, "ஊர் முன்னால எழுந்து நின்னு இன்னா பேச்சு அது?" என்று பொரிந்தார்.

"கேட்டாங்க, சொன்னேன். அதுல இன்னா தப்பு, அண்ணே?"

நைனா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனார். அந்த மாதமே அத்தை பஜாரில் ஒரு தையல் கடைக்கு வேலைக்குப் போனார்.

இப்போது எங்கள் தெருவில் மேடை போடுவதில்லை. திருவிழாவன்று ஸ்பீக்கரில் ஏதோ ஓடிக்கொண்டிருக்க, அவரவர் போனில் அவரவர் பாட்டு. ஜெயாவின் குழு கலைந்துவிட்டது, அவர் எங்கே இருக்கிறார் என்று சொல்ல ஆளில்லை. போன ஆடியில் அத்தையிடம் அவரைப் பற்றிக் கேட்டேன். ஊசியில் நூலைக் கோத்தபடியே சொன்னார்:

"பாட்டு சுமார்தாண்டி. ஆனா எப்பிடி நின்னா, பாத்தியா!"