ஒரு துளை தள்ளி நின்ற யானை

போன வருடம் வேலூரில், ஒரு பள்ளிக்கூட ஹாலில் நடந்த ஒருநாள் செஸ் போட்டி அது. நம் ஊர்ப் பிள்ளைகள் உலக சாம்பியன் ஆனதில் இருந்து தெருவுக்குத் தெரு செஸ் வகுப்பு வந்துவிட்டது இல்லையா, என் மகளும் போனாள். அவளுக்குச் சொல்லிக்கொடுக்கப் போய் எனக்கே பைத்தியம் பிடித்துவிட்டது. அன்று கடைசிச் சுற்றில் ஜெயித்தால் எனக்குக் கோப்பை. பள்ளியில் ஒரு சோப்பு டப்பாகூடப் பரிசு வாங்காதவள் நான்.

எதிரே உட்கார்ந்தவர் பார்வை இல்லாதவர், ஜோலார்பேட்டைக்காரர், என் அண்ணன் வயது இருக்கும். துளை போட்ட தனிப் பலகை வைத்திருந்தார். என் ஆட்டத்தை நான் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அவர் அந்தக் காயைத் தன் பலகையிலும் செருகிக்கொண்டு, விரலால் தடவிப் பார்த்து ஆடுவார். அரை மணி நேரத்தில் என்னைத் திணறடித்துவிட்டார்.

ஒரு கட்டத்தில் என் யானையை நகர்த்திச் சொன்னேன். அவர் அதை ஒரு துளை தள்ளிச் செருகிவிட்டார். நான் ஆம்பூரில் ஷூ கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கிறவள். ஒரு தையல் விலகினாலும் கண்ணில் பட்டுவிடும். இதுவும் பட்டது. என் பலகையில் யானை அவருடைய ராணிக்கு நேரே நிற்பது அவருக்குத் தெரியாது. உடனே சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை. அவர் வேறு ஏதோ காயை நகர்த்தினார். நான் வெகுநேரம் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு ராணியை வெட்டினேன்.

அவர் பலகையை மெல்லத் தடவினார். "என் தப்புதாம்மா" என்று சொல்லி, ஆட்டத்தை விட்டுக்கொடுத்துக் கை கொடுத்தார்.

சாயங்காலம் பஸ் ஸ்டாண்டில் அவரும் நின்றுகொண்டிருந்தார். மனசு கேட்கவில்லை, கிட்டே போனேன். "அண்ணா, நீங்க தப்பா வெச்சத நான் பார்த்தேன். பார்த்துட்டுதான் சும்மா இருந்தேன்."

"தெரியும்மா. அதுவரைக்கும் டக்கு டக்குனு ஆடினீங்க. அந்த ஒரு ஆட்டத்துக்கு மட்டும் அவ்ளோ நேரம் எடுத்துக்கிட்டீங்க. பாவம், கஷ்டப்படுறாங்கன்னு நெனச்சேன்."

பஸ் ஸ்டாண்ட் என்றும் பாராமல் அழுதுவிட்டேன். அவர் கோப்பையைக் கேட்டு வாங்கி, அடியில் இருந்து நுனிவரை தடவிப் பார்த்தார். "நல்லா கனமாத்தான் கீது" என்று சிரித்தபடி திருப்பித் தந்தார்.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் போனில் ஆடுகிறோம். ஒவ்வொரு ஆட்டத்தையும் இரண்டு தடவை சொல்லிவிட்டு, "சரியா வெச்சிட்டீங்களா அண்ணா?" என்று கேட்கிறேன். இன்றுவரை ஒருமுறைகூட நான் ஜெயிக்கவில்லை. ஆனால் அந்தக் கோப்பையைத் துடைக்கும்போதெல்லாம் கண்ணை மூடி ஒருமுறை தடவிப் பார்த்துக்கொள்கிறேன். எல்லாம் தெரிந்தே என்னை மன்னித்த ஒருவரின் விரல் பட்ட இடம் அது.