மடித்துக் கொடுத்த கோட்டு

கொழும்பில் எங்கள் தேயிலைக் கம்பெனி ஆபீஸில் கோபத்துக்குச் சத்தம் கிடையாது. வெள்ளைக்காரத் துரைக்குக் கோபம் முற்றினால் பேனாவை மூடி வைப்பார், அவ்வளவுதான். பக்கத்து மேசைச் செல்லத்துரைக்கும் அந்த வித்தை வரும். யாழ்ப்பாணத்துக்காரர், அப்பாவும் பாட்டாவும் குமாஸ்தாக்கள். கோபம் வந்தால் அவர் குரல் இன்னும் தணியும். அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும். எங்கள் வீட்டில் முதன்முதல் பேனா பிடித்தவன் நான். இங்கிலீஷைப் படித்துவிட்டேன், அந்தக் குரலை எந்த மிஷன் பள்ளியில் போய்ப் படிப்பது?

அப்பாவுக்கு ஊரில், கோட்டாற்றில், ஒரு சாயபுவின் அரிசிக் கடையில் மூடை தூக்கும் வேலை. சண்டை முற்றினால் தோள்துண்டை உருவித் தரையில் எறிவார். "உம்ம கடையும் வேண்டாம், நீரும் வேண்டாம் வே!" சாயபு குனிந்து எடுத்து, தூசி தட்டி, அப்பாவின் தோளிலேயே போடுவார். "கத்துனது போதும். மூடையத் தூக்கும் வே." அத்தோடு சரி. துண்டை மடித்துக் கையில் கொடுத்தால்தான் ஆபத்து. நாளை முதல் வரவேண்டாம் என்று அர்த்தம்.

போன மழைக்காலத்தில் தலைமைக் குமாஸ்தா நாற்காலி காலியாயிற்று. நானா, செல்லத்துரையா என்று இருந்த நேரம். தேயிலைப் பெட்டிகளுக்கு நான் எழுதிய அடையாளக் குறிகளில் ஒரு பிழையை அவர் துரையின் முன்னாலேயே காட்டினார். "இது உம்மட எழுத்தெல்லோ?" அதே தணிந்த குரல்.

"எல்லாம் தெரிஞ்சவரு நீருதான வே!" என்று கத்தினேன். துண்டு இல்லை; கோட்டைக் கழற்றி எறிந்தேன். எடுத்துத் தோளில் போட ஒருவராவது வருவார் என்று நின்றேன். செல்லத்துரைதான் வந்தார். எடுத்தார், அழகாக மடித்தார், என் கையில் தந்தார். "வெளியில மழை, காணும். நனையாமல் போம்."

துரை பேனாவை மூடினார்.

மறுநாள் மன்னிப்புக் கேட்டு என் மேசைக்கே திரும்பினேன். நாற்காலி செல்லத்துரைக்குப் போயிருந்தது. "நீர் வேலையை விடுறீர் எண்டெல்லோ நினைச்சன்" என்றார். பொய்யில்லை. என்னை வெல்ல அவருக்குப் பகைகூடத் தேவைப்படவில்லை என்பதுதான் இன்றும் எரிகிறது.

லீவில் ஊருக்குப் போனபோது கோட்டாற்றுக் கடையில் வழக்கமான கூச்சல். துண்டு தரையில் கிடந்தது. சாயபு குனிவதற்குள் நான் எடுத்துவிட்டேன். தூசி தட்டி, ஓரத்தோடு ஓரம் சேர்த்து மடித்து நீட்டிய பிறகே அப்பாவின் முகத்தைப் பார்த்தேன்.

"என்ன மக்கா, என்னய வீட்டுக்கு அனுப்புதியா?"

"இல்லப்பா" என்றேன். வந்தது செல்லத்துரையின் குரல். அப்பா காதில் கைவைத்து, "என்னலே? உரக்கச் சொல்லு" என்றார்.