வைத்தவர்தான் எடுக்க வேண்டும்

விட்ச் என்பதற்குத் தமிழில் சூனியக்காரியைத் தவிர வேறு சொல் இல்லை. இன்றைக்கும் இதைத்தான் சொல்வேன். எண்பதுகளின் நடுவில் லண்டன் கோலியர்ஸ் வுட்டில் ஒரு வீட்டின் மாடியில் நாங்கள் வாடகைக்கு இருந்தோம். கீழே ஒரு ஆங்கிலேயப் பெண் தனியாக இருந்தாள். ஒருநாள் பின்வளவில் உடுப்புக் காயப்போடும்போது, தான் ஒரு விட்ச் என்று என்னிடம் சொன்னாள். தான் மாமிசம் சாப்பிடுவதில்லை என்று சொல்வதைப்போல அவ்வளவு சாதாரணமாகச் சொன்னாள். பக்கத்தில் நின்ற மச்சாள் "என்னவாம்?" என்று கேட்டார். "சூனியக்காரியாம்" என்றேன். மச்சாள் கையிலிருந்த ஈரச் சேலையை வாளிக்குள் போட்டுவிட்டு மாடிக்கு ஏறினார். அதன்பிறகு இரண்டு வருடம் அந்த வளவுக்குள் இறங்கவில்லை.

மச்சாள் என் கணவரின் அக்கா. தாயில்லாத தம்பியைத் தூக்கி வளர்த்து, அவருக்காகவே கலியாணம் கட்டாமல் இருந்து, எங்களோடு யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர். இங்கிலீஷ் தெரியாது. லண்டன் முழுவதும் என் வாய் வழியாகத்தான் அவருக்குப் போய்ச் சேர்ந்தது. என் வாயோ கொஞ்சம் பொல்லாத வாய்.

கீழ் வீட்டு மனுசிக்கு ஐம்பது வயதிருக்கும். ஒரு பள்ளிக்கூடத்துச் சமையலறையில் பிள்ளைகளுக்குச் சாப்பாடு போடுகிற வேலை. கறுப்புத் தொப்பியும் இல்லை, விளக்குமாறும் இல்லை. முழங்கை தேய்ந்த ஒரு கார்டிகன்தான். பூரணை நாட்களில் வளவில் மெழுகுதிரி கொளுத்திவைப்பாள். மேலே மச்சாள் உடனே யன்னல் திரையை இழுத்து மூடுவார்.

எனக்கு அவளோடு கதைக்கப் பிடிக்கும். தன் சமயத்துக்குப் பெயர் விக்கா என்றாள். ஒருவருக்கும் கேடு வராத எதையும் செய்யலாம், கேடு வருகிற எதையும் செய்யக்கூடாது, அவ்வளவுதான் சட்டம் என்றாள். உங்களிடமும் கர்மா உண்டுதானே என்று ஆவலாகக் கேட்டாள். உண்டுதான், ஆனால் எங்களுடையது ஆறுதலாக வரும், அடுத்த பிறப்புவரை தவணை கிடைக்கும் என்றேன். அவள் சிரிக்கவில்லை. தங்களுக்கு இந்தப் பிறப்பிலேயே வந்துவிடும், மூன்று மடங்காக வரும் என்றாள். மற்றவருக்கு அனுப்பிய நல்லதும் அப்படித்தான், கெட்டதும் அப்படித்தான். எல்லா விட்ச்சும் மூன்று என்று எண்ணுவதில்லை, சிலர் அதை நம்புவதே இல்லை, தனக்குப் பழக்கியவர்கள் அப்படிப் பழக்கினார்கள் என்றும் சொன்னாள்.

அன்றிரவு சாப்பிடும்போது மச்சாளைச் சீண்டிப் பார்க்க இதைச் சொன்னேன்.

"மூண்டு மடங்கோ? வட்டிக்கடை மாதிரியெல்லோ கிடக்கு" என்றார். கொஞ்ச நேரம் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார். "அதெல்லாம் எங்களைப் பேய்க்காட்டி ஏமாத்தச் சொல்லுறது. செய்யிறவள் செய்வன் எண்டு சொல்லிப்போட்டோ செய்வாள்?"

எங்கள் மகளுக்கு மூன்று வயது நடக்கும்போது, ஒரு குளிர்காலம், மூச்சிழுப்பு வந்தது. முதலும் வந்திருக்கிறது. ஆனால் இந்தமுறை உதடு நீலம் பாரித்துவிட்டது. கீழ் வீட்டு மனுசியின் ஃபோனில்தான் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டோம். எங்களுக்கு அப்போது ஃபோன் இல்லை. அடுத்த நாள் விடிய ஆஸ்பத்திரியில் டாக்டர் வந்து பார்த்தார். மத்தியானத்துக்குள் மூச்சுச் சீராகாவிட்டால் தொண்டைக்குள் ட்யூப் விட்டு மெஷினில் போடவேண்டி வரும் என்றார். பிள்ளை என்னடாவென்றால் முகத்தில் மாஸ்க்கை வைக்கவே விடவில்லை. வைக்க வைக்க இழுத்து எறிந்தாள். "துண்டு, துண்டு" என்று மூச்சுக்குள் முனகினாள்.

அது என் பழைய மஞ்சள் சேலையில் கிழித்த துண்டு. அதை மூக்கடியில் வைத்தால்தான் அவளுக்கு நித்திரை வரும். அவசரத்தில் அதை வீட்டில் விட்டுவிட்டு வந்துவிட்டோம். கணவரைப் பிள்ளையோடு இருக்கச் சொல்லிவிட்டு நான் பஸ்ஸில் ஓடினேன். "ஏதும் எண்டால் கீழ் வீட்டு நம்பருக்கு அடிக்கிறன்" என்றார் அவர். அந்த பஸ் ஒவ்வொரு தரிப்பிலும் நின்று நின்று போனது. இறங்கி அதைத் தள்ளலாமா என்றிருந்தது எனக்கு.

வீட்டில் மச்சாள் தலைக்குத் தோய்ந்து, நெற்றி நிறைய விபூதி பூசி, குசினிக் கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். நான் கட்டிலைக் கிளறினேன், உடுப்புக் கூடையைக் கொட்டினேன். துண்டு இல்லை.

"எங்கை மச்சாள் பிள்ளையின்ர துண்டு?"

"அதை இப்ப எடுக்கேலாது."

"என்னெண்டு எடுக்கேலாது? அது இல்லாமல் பிள்ளை மாஸ்க் போடமாட்டன் எண்டு நிக்கிறாள்!"

"கழிப்புக் கழிச்சு வைச்சிட்டன்" என்றார். "போட்டவளுக்கே போகட்டும்."

கழிப்பு என்றால் நோயில் கிடக்கிற வருத்தக்காரரைச் சுற்றித் தேசிக்காய், செத்தல் மிளகாய், உப்பு எல்லாம் எடுத்து, வருத்தத்தை அதில் ஏற்றி, முச்சந்தியில் கொண்டுபோய் வைப்பது. யார் அதைத் தாண்டுகிறார்களோ அவர்களோடு வருத்தம் போய்விடும். வினைப்பயன் என்று தேவாரம் படிக்கிற அதே ஆட்கள்தான் நாங்கள். அதை முன்பின் தெரியாதவனின் காலடியில் வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வீட்டுக்கு வருவோம். பிள்ளை வீட்டில் இல்லாததால் மச்சாள் அவளுடைய துண்டைச் சுற்றிக் கழித்திருக்கிறார். முச்சந்திக்கும் போகவில்லை. சூனியம் செய்தவள் கீழே இருக்கும்போது சந்திக்கு ஏன் போக வேண்டும்?

அந்த நேரம் கீழே ஃபோன் அடித்தது.

நான் படியால் விழுந்தெழும்பி ஓடினேன். தெருக்கதவைத் திறந்தால் ஒரு சின்ன நடை. இடது பக்கம் அவளுடைய கதவு, நேரே எங்கள் படி. நான் கடைசிப் படியில் கால் வைக்க அவள் கதவைத் திறந்தாள். ரிசீவர் கையில் இருந்தது, வயர் இழுபட்டு நின்றது. உன் கணவர், தமிழில் ஏதோ சொல்கிறார், அழுகிறார், எனக்கு ஒன்றும் விளங்கவில்லை என்றாள். அப்படிச் சொல்லிக்கொண்டே கீழே பார்த்தாள்.

அவளுடைய வாசற்படியில் மஞ்சள் துண்டு விரித்திருந்தது; ஓடி வந்த அவசரத்தில் நான் அதைக் காணாமலே படியேறியிருக்கிறேன். அதன்மேல் இரண்டாக வெட்டிக் குங்குமம் தடவிய தேசிக்காய், மிளகாய், உப்பு. அந்தத் தெருவில் வேறு எந்த வெள்ளைக்காரர் என்றாலும் குப்பை என்று காலால் தள்ளிவிட்டுப் போயிருப்பார்கள். கண்டவுடனே அது என்னவென்று விளங்கக்கூடிய ஒரே ஆளின் வாசலில் மச்சாள் அதை வைத்திருந்தார்.

அவளுடைய முகம் வெளிறியது. தூக்கிய காலை உள்ளே இழுத்துக்கொண்டாள்.

"ஃபோனைத் தா!" என்று கத்தினேன். வயர் எட்டவில்லை. இதைத் தள்ளிவிடு என்றேன். மாட்டேன் என்று தலையாட்டினாள். இது பிள்ளையின் துணி, நான் தள்ளினால் வந்த இடத்துக்கே திரும்பும், பிள்ளையிடம் போகும், மூன்று மடங்காகப் போகும் என்றாள். தனக்காக அவள் பயப்படவில்லை. அதை நான் தெளிவாகக் கண்டேன். இதை வைத்தவர்தான் எடுக்க வேண்டும் என்றாள்.

ரிசீவருக்குள் என் கணவரின் குரல் சின்னதாகக் கேட்டது. சொல் ஒன்றும் பிடிபடவில்லை. அழுகிற குரல் என்பது மட்டும் தெரிந்தது. பிள்ளை இருக்கிறாளா இல்லையா என்பது அந்தக் குரலுக்குள் இருந்தது. ஒரு எட்டு வைத்தால் போதும்.

"தாண்டாதை!" மேலிருந்து மச்சாள் வீரிட்டார். அதுவரைக்கும் என்னை ‘நீர்’ என்றுதான் கதைத்தவர். "தாண்டாதை! நீ தாய். உன்னிலை ஏறினால் பிள்ளைக்குத்தான் போகும்!"

இந்த விசயங்கள் எதையும் நான் நம்புகிறவள் இல்லை. கண்ணூறு நாவூறு பார்க்கிறவர்களைக் கண்டால் எனக்குச் சிரிப்பு வரும். ஆனால் என் கால் எழும்பவில்லை. ஒரு தேசிக்காய்க்கு முன்னால் கல்லாக நின்றேன். எனக்கு அவ்வளவு பயம் வாழ்க்கையில் அதற்கு முன்னும் வந்ததில்லை, பின்னும் வந்ததில்லை.

மச்சாள் படியிறங்கி வந்தார். ஓடி வந்தார் என்று சொல்ல வேண்டும், முழங்கால் வருத்தக்காரி. வைத்த கழிப்பை வைத்தவர் திரும்பிப் பார்க்கவே கூடாது. தொடுவதைப்பற்றிக் கதையே இல்லை. அவர் என்னைப் பக்கத்தில் தள்ளிவிட்டுக் குனிந்து, தேசிக்காயும் மிளகாயும் உப்புமாகத் துண்டோடு அள்ளி நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்.

"எனக்கு வரட்டும்" என்றார். "எனக்கு மட்டும் வரட்டும்."

நான் பாய்ந்துபோய் ரிசீவரைப் பறித்தேன்.

"மூச்சு விடுறாள்" என்றார் கணவர். "கேக்குதோ? ட்யூப் தேவையில்லையாம். துண்டைக் கேட்டு அழுகிறாள், கெதியாக் கொண்டு வாரும்." அவர் சந்தோசத்தில் அழுதிருக்கிறார். அந்த மனிசனை அந்த நேரம் கட்டிப்பிடித்திருப்பேனா அடித்திருப்பேனா தெரியாது.

நடையில் இரண்டு பேரும் ஆளை ஆள் பார்த்துக்கொண்டு நின்றார்கள். மச்சாளின் சேலை நெஞ்சில் குங்குமமும் தேசிப்புளியும் ஊறியிருந்தன. அவர் என்ன சொன்னார் என்று அவள் கேட்டாள். சொன்னேன். மூன்று மடங்கென்று அவருக்குத் தெரியுமா என்றாள். மொழிபெயர்த்தேன்.

"மூண்டெண்டால் மூண்டு" என்றார் மச்சாள். கவுன்சில் ஒபிஸில் கேள்வி கேட்கிற மாதிரி நிமிர்ந்து நின்றார். "ஆனா ஒண்டு கேளும். மூண்டும் எனக்கு வந்தால், பிள்ளைக்கு ஒரு பங்கும் இல்லைத்தானே?"

கேட்டேன். அவள் மச்சாளின் முகத்தைக் கன நேரம் பார்த்தாள். பிறகு, ஆம், பிள்ளைக்கு ஒன்றும் இல்லை என்றாள்.

"அப்ப சரி."

துண்டை அவள்தான் வாங்கிக் கழுவினாள். துணி என்ன செய்தது, அது பாவம் என்றாள். சவர்க்காரம் போட்டு மூன்றுதரம் அலசி, ஹீட்டரில் பிடித்துக் காயவைத்தாள். மச்சாள் அந்த வீட்டுக்குள் முதல் தடவை கால் வைத்து, பக்கத்தில் நின்று, தோய்க்கிறது சரியா என்று பார்த்துக்கொண்டிருந்தார். தேசிக்காயைப் பின்வளவில் உறைந்த மண்ணைக் கிண்டி இரண்டு பேருமாகத் தாட்டார்கள். பிறகு அவள் என்னைத் தன் பழைய காரில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் விட்டாள். துண்டை மூக்கடியில் வைத்தவுடன் பிள்ளை மாஸ்க்கைப் போடவிட்டாள்.

அதற்குப் பிறகு மச்சாள் எண்ணத் தொடங்கினார். அடுத்த குளிருக்குப் பனியில் வழுக்கி விழுந்து மணிக்கட்டு முறிந்தது. ஆம்புலன்ஸுக்குள் நோவில் பல்லைக் கடித்துக்கொண்டு, "ஒண்டு" என்றார் என்னிடம், ஏதோ பரிசு விழுந்தது மாதிரி. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் பித்தப்பையில் கல் என்று வெட்டினார்கள். "இரண்டு." எனக்கு எரிச்சல் பொத்துக்கொண்டு வந்தது. கல்லு ஊரில் எல்லாருக்கும்தான் வருகிறது என்று சத்தம் போட்டேன். அவர் காதில் வாங்கவில்லை. மகளுக்கு நெஞ்சில் இரைச்சல் கேட்கும்போதெல்லாம், "பயப்பிடாதையும். கணக்கு என்ர பேரிலைதான் ஓடுது" என்பார். உண்மையைச் சொன்னால், அந்தச் சொல்லைக் கேட்டபிறகுதான் எனக்கும் நித்திரை வரும்.

கீழ் வீட்டு மனுசியை அவர் அதற்குப் பிறகு ஒருநாளும் சூனியக்காரி என்று சொன்னதில்லை. விம்பிள்டன் கோயிலுக்குப் போய்வந்தால் அவளுக்கும் வடையில் ஒரு பங்கு வைப்பார். ஒருநாள் உடுப்பு மடித்துக்கொண்டு நிற்கும்போது நான் அவளிடம் கேட்டேன், மூன்றாவது எப்போது வரும் என்று. அவள் என்னை ஆச்சரியமாகப் பார்த்தாள். மூன்றாவது என்று ஒன்று இல்லையே, அவர் தன் கையால் எடுத்த அந்த நிமிடமே எல்லாம் முடிந்துவிட்டது, அனுப்பியது போய்ச் சேரவே இல்லையே என்றாள். அப்படியென்றால் அன்றைக்கு ஏன் ஆம் என்றாய் என்று கேட்டேன். அவர் கேட்டது பிள்ளைக்குப் பங்கு உண்டா என்றுதான், அதற்குத்தான் பதில் சொன்னேன் என்றாள். நான் இதை மச்சாளிடம் சொல்லவில்லை.

தொண்ணூறுகளின் கடைசியில் மச்சாளுக்கு வயிற்றில் புற்றுநோய் என்று கண்டார்கள். அப்போது மகளுக்குப் பதின்மூன்று, பதினாலு வயது. மச்சாள் அவளை வார்டுக்குள் விடவேண்டாம் என்று ஒரேயடியாகச் சொல்லிவிட்டார். கணக்கு முடியிற நேரத்தில் கிட்ட வந்தால் பிள்ளையிலையும் தெறிச்சுப் போடும் என்றார். பிள்ளை ஒவ்வொரு நாளும் பள்ளிக்கூடம் முடிந்து வந்து வெளியே வாங்கில் உட்கார்ந்திருப்பாள். "வை வோன்ட் மாமி சீ மீ?" என்று என்னிடம் அழுவாள்.

கடைசிக் கிழமையில் கீழ் வீட்டு மனுசி பார்க்க வந்தாள். கட்டில் பக்கத்தில் கதிரையில் இருந்து மச்சாளின் கையைத் தன் கைக்குள் வைத்துக்கொண்டாள். மச்சாள் என்னைப் பார்த்தார்.

"இது மூண்டாவதுதானே எண்டு கேட்டுச் சொல்லும். முடிஞ்சுதோ எண்டு கேளும்."

நான் கேட்டேன். அவளுடைய கண் கலங்கிவிட்டது. அப்படி ஒரு கணக்கே இருக்கவில்லை, அவருக்கு வருவதற்கு எதுவும் மிச்சம் இருக்கவில்லை, அதை இப்போதாவது அவரிடம் சொல் என்றாள்.

மச்சாள் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஓமாம் மச்சாள்" என்றேன். "மூண்டும் முடிஞ்சுதாம். இனி ஒண்டும் மிச்சமில்லையாம்."

அவர் கண்ணை மூடி ஒரு பெருமூச்சு விட்டார். பிறகு கையால் தலைமயிரைத் தடவிச் சரிசெய்துகொண்டார்.

"அப்ப பிள்ளையை உள்ளை வரச் சொல்லும்" என்றார்.